காரணவன் நகம்

பிரியமும் வம்பும் ஒரே அளவில் நிறைந்த என் பூதலிங்கம் மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் திதி கழிந்தது. உங்கள் மகன் மாதேவன் பிண்டம் வைத்தான். காக்கை வந்தது. சோற்றைத் தொடவில்லை, உளுந்து வடையை மட்டும் கொத்திக்கொண்டு தென்னையில் ஏறிவிட்டது. அத்தை அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடையை எடுத்துக்கொண்டு சோற்றை அடுத்தவர் இலைக்குத் தள்ளுவது உங்கள் வேலை அல்லவா? வந்தது நீங்கள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறுதிப்பட்டது.

ஊர்ச் சேதி கேட்பீர்களே. அடுத்த வாரம் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேருகின்றன. வடசேரியில் தோரணம் கட்டுகிறார்கள். நீங்கள் கண்டக்டராக நின்று "களியக்காவிளை! களியக்காவிளை எறங்கு!" என்று கூவுவீர்களே, இனிமேல் அங்கே இறங்காமல் போகிறவன் வேறு ராஜ்யத்துக்குப் போகிறான். இத்தனை வருஷம் ஓர் எல்லையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியாது. உங்கள் புது விலாசத்தைத் தபால்காரரும் அறியார். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதுகிறேன். அது கைமாறிக் கைமாறித் தாழக்குடி முழுக்கச் சுற்றும். பலபேர் ஒட்டுக்கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அம்மையிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். அம்மையா சம்மதித்தாள் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், வருகிறேன்.

ஒட்டுக்கேட்கிறவர்களுக்கு முதலில் நகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மையின் வீட்டில் முன்பு மருமக்கள் வழி. ஒருவருடைய நிலமும் அதிகாரமும் அவர் மகனுக்குப் போகாது; சகோதரியின் மகனுக்குப் போகும். வீட்டை ஆளும் ஆணுக்குக் காரணவர் என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்பே சட்டம் மாறி, சொத்து மக்கள் வழிக்கு வந்துவிட்டது. ஒரு நம்பிக்கை மட்டும் மாறவில்லை. காரணவராக இருக்கப் பிறந்தவனுக்குச் சின்ன வயதிலேயே நகம் பிளக்குமாம். நீளவாக்கில் வரி விழும், நடுவில் கீறும், நுனி தேய்ந்து சதையோடு ஒட்டிப் போகும். அதுதான் காரணவன் நகம்.

அம்மையின் மாமாவுக்கு அது இருந்தது. அவருடைய மாமாவுக்கும் இருந்ததாம். உங்களுக்கு வந்தபோது சிறுபயறு பாயசம் வைத்துத் தெருவையே அழைத்தார்களாம். சட்டம் மாறியபின் ஆளுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காரணவன் நகத்தோடு டிக்கெட் கிழிக்கப் போனீர்கள். "ஆளுறதுக்கு நிலம் இல்லேன்னா என்ன மக்கா, அம்பது பேரு ஒரு பஸ்ஸுல என் சொல்லுக்கு நிக்கான், இருக்கான்" என்பீர்கள்.

அந்தக் காரணவர்களில் ஒருவர்கூட நாற்பதைத் தாண்டவில்லை. "ஆண்டு அனுபவிச்சுட்டு வெரசலா போயிட்டாரு" என்று ஊர் சொன்னது. நகத்தைப் பார்த்துப் பாயசம் வைத்தவர்கள், வயதையும் ஒருமுறை பார்த்திருக்கலாமே மாமா?

நான் எட்டு வயதில் செய்தது நினைவிருக்கிறதா? வீட்டில் கதவு வேலைக்கு வந்த ஆசாரியின் அரத்தை எடுத்துப் பத்து நகத்தையும் வரிவரியாக ராவிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நீட்டினேன். "நான்தான் இனி காரணவி. எல்லாரும் எழும்புங்க." அம்மை முதுகில் ஒன்று வைத்தாள். நீங்களோ எழுந்து நின்று, விசிலை என் கழுத்தில் மாட்டி, "புதுக் காரணவிக்கு டபுள் டிக்கெட். ஆளுக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு" என்றீர்கள். அன்றைக்கு வந்த 'டபுள் டிக்கெட்' என்ற பெயர் இன்றைக்கும் போகவில்லை. நகம் மட்டும் இரண்டு மாதத்தில் ஒழுங்காக வளர்ந்துவிட்டது. நான் அழுதேன்.

இப்போது யோசித்தால், உங்கள் உடம்பு எங்களிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறது. முப்பது வயதில் தலை நரைத்தது, பித்தம் என்றார்கள். நாக்கில் வெள்ளைப் படை. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டது என்றார்கள். கழுத்தில் வலை விரித்தது போலக் கருமை. பஸ் தூசி என்றார்கள். "மாமா, பீர்க்கங்கூடு எடுத்து ஒரு நாளைக்குக் கழுத்தையும் தேயுங்க, அதுவும் உங்க ஒடம்புதான்" என்று கேலி செய்தவள் நான். உங்கள் உடம்பு சொன்ன ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. எல்லாம் தப்பான பதில்.

பிறகு பஸ் படியில் ஏறினாலே மூச்சு வாங்கியது. பல் தேய்த்தால் ரத்தம். தொட்ட இடமெல்லாம் கன்றிப் போனது. வைத்தியர் செந்தூரம் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் உங்கள் பஸ்ஸிலேயே, ஜன்னலோரத்தில், பயணியாக உட்கார்ந்து திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். "மொதல் தடவையா இருந்துட்டுப் போறேன்ட்டி, என்ன சுகம்!" என்றீர்கள்.

அங்கே அந்த இளம் டாக்டரைப் பார்த்தோம். புதுக்கடை என்ற ஊர்க்காரர், பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். உங்கள் நெஞ்செலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார். வெளியே வந்து நீங்கள் சொன்னதை அந்த வார்டே கேட்டுச் சிரித்தது. "டிக்கெட்ட பஞ்ச் பண்ணியாச்சு மக்கா. இனி செக்கிங் வந்தாலும் பயமில்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வீட்டில வேற ஆருக்கெங்கிலும் இந்த நகம் உண்டுமா?"

நான் வாயைத் திறந்தேன். உண்டு, அம்மையின் மாமாவுக்கு இருந்தது, அவர் மாமாவுக்கு இருந்தது என்று சொல்லத்தான். அதற்குள் நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். "இல்ல, சார். எனக்கு மட்டுந்தான்" என்றீர்கள்.

ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள்? டபுள் டிக்கெட் வாயை அன்றைக்கு நான் ஏன் மூடிக்கொண்டேன்? நகப் பெருமையை வெளியூர்க்காரரிடம் விளக்கச் சங்கடம் என்று நினைத்துக்கொண்டேன். மாதேவன் ரத்தம் கொடுத்தான். அப்பா கொடுத்தார். மூன்று வாரம் தாங்கியது. பிறகு ஐப்பசி மழையில் உங்களைக் கொண்டுவந்தோம்.

இனி நீங்கள் இல்லாத கதை.

சித்திரையிலிருந்து அம்மை, தம்பி தாணுவின் விரல்களுக்கு வாரம் தவறாமல் மருதாணி வைக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மருதாணி! "சூடு எறங்கும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்தார்கள். கேலி செய்யும் குழுவுக்குத் தலைமை யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஏலே தாணு, மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்பேன். அவன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான்.

ஒரு நாள் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் என் புத்தி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மியில் அரைத்து வைத்திருந்த மருதாணியை எடுத்து ஒளித்துவிட்டு, முருங்கைக் கீரையை அரைத்து அந்தக் கிண்ணத்தில் வைத்தேன். அம்மைக்குத் தீராத சளி, மணம் தெரியாது; விரலைப் பார்க்காமலே அப்பிவிட்டுப் போவாள். அடுத்த வாரமும் செய்தேன். அதற்கடுத்த வாரமும். இரண்டு மாதம் தாணுவின் விரல்கள் கீரை தின்றன. பழைய சிவப்பு மெல்ல மெல்ல நுனிக்கு ஏறியது. ஒரு சனிக்கிழமை காலையில் அவனை மடக்கி, "காட்டுலே மணப்பெண்ணே" என்று கையை இழுத்தேன்.

சிவப்புக்கு அடியில் புது நகம் வந்திருந்தது. வரிவரியாக. பெருவிரலில் நடுவே கீறி.

என் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே கீழே விழுந்தது மாமா. எத்தனை மாதமாக அந்தக் கையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்! சிவப்பைப் பார்த்தேனே தவிர நகத்தைப் பார்க்கவில்லை. காலரைத் தள்ளிக் கழுத்தைப் பார்த்தேன். லேசாக, நிழல் விழுந்தது போல, வலை.

"என்னக்கா, காரணவன் நகமா?" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம். "அப்போ எனக்குப் பாயசம் உண்டா?"

நேராக அடுக்களைக்குப் போனேன்.

"அம்மை, தாணுவுக்க நகத்தைப் பாத்தியளா?"

அம்மை தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பாக்காம என்ன?"

"மாமாவுக்க நகம்லா அது."

"அது நம்ம வீட்டு நகம். நல்ல காரியம்தானே."

"நல்ல காரியம்னா பாயசம் வைக்காம மருதாணி எதுக்கு வச்சிய?"

திருவல் நின்றது. "ஏட்டி, ஒனக்கு எல்லாமே வெளையாட்டாக்கும். போ, போய்ப் படி."

"திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போவோம். அந்த டாக்டர் பாக்கட்டும்."

"பாத்து? ஒங்க மாமாவையும்தான் பாத்தாரு. நெஞ்சுல ஊசி போட்டாரு. பொழைச்சாரா?"

அப்பாவிடம் போனேன். அவர் பேப்பரை மடக்கிவிட்டு, "ஒங்கம்மைக்க வீட்டுக் காரியம் மக்கா, அதுல நான் என்னத்தச் சொல்ல" என்றார். மக்கள் வழிச் சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் அப்பா இன்னும் நம் வீட்டில் விருந்தாளிதான்.

சரி, வாய் செல்லாத இடத்தில் கை செல்லும். ஓர் அஞ்சலட்டை எடுத்து டாக்டருக்கு எழுதினேன். "போன வருஷம் உங்களிடம் 'இல்லை' என்று ஒரு பொய் சொன்னோம். உண்டு. இப்போது என் தம்பிக்கு வந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?" அட்டையில் எழுதினால் ஊரே வாசிக்கும் என்று தெரியும். உறைக்குள் எழுதும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. தபால்காரர் வாசித்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தார். "தம்பியை உடனே கொண்டு வரவும். அதுவரை டைபாய்டுக்குப் புதிதாக வந்திருக்கும் கேப்சூலை எந்தக் காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம். சிலருடைய மஜ்ஜையை அது வற்றச் செய்துவிடும். சல்பா மாத்திரையும் வேண்டாம்." அந்த அட்டையை ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, அம்மையின் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் தாணுவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் இறங்கவில்லை. தெருக்கோடியில் இருக்கும் கம்பவுண்டர் வந்து நாக்கைப் பார்த்து, வயிற்றைத் தட்டி, "டைபாய்டு மாதிரி தெரியுது. புது கேப்சூல் இருக்கு. ஆறு மணிக்கூர் விட்டு ஒண்ணு குடுங்க, காய்ச்சல் பறந்து போவும்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர், தெரிந்ததைச் செய்தார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தாணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அம்மையின் ஒரு கையில் குடிக்க வெள்ளம், மறு கையில் கேப்சூல். "வாயத் தொற மக்கா."

அம்மை விரலிலிருந்து பறித்தேன். எங்கே ஒளிக்க? என் வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கவில்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, துப்பு! அது தீனக்காரனுக்க மருந்து! துப்புட்டி, சவமே!"

தலையை ஆட்டினேன். ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து அட்டையை அம்மையிடம் நீட்டினேன். காய்ச்சலிலும் தாணு சிரித்தான். "அக்கா வாய மூடிட்டா, அம்மை!"

அம்மை வாசித்தாள். இரண்டாம் தடவை வாசித்தாள். பிறகு பொட்டலத்தை எடுத்துப் போய் அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் கேப்சூலைத் துப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்க மாமாவப் பாத்தேன். எனக்க அண்ணனப் பாத்தேன். எனக்குத் தெரியாமலா இருக்கும்? அண்ணன் போறதுக்கு மூணு நாளு முன்ன எங்கிட்டச் சொன்னாரு. 'தாணுவுக்க பெருவிரலப் பாத்தேன் தங்கச்சி. டாக்டர்ட்ட இல்லேன்னு சொல்லிட்டேன். நீயும் சொல்லாத. சொன்னா, பய இருக்கப்பட்ட நாளும் செத்துச் செத்து இருப்பான். தெரியாம சிரிச்சிட்டு இருக்கட்டும்'ன்னாரு. அதான் மருதாணி வச்சேன். நகம் ஆருக்கும் தெரியாண்டாம்னு வச்சேன். எனக்கும் தெரியாண்டாம்னுதான் வச்சேன்." அழாமல் சொன்னாள். கடைசியில் ஒன்று மட்டும் உடைந்து வந்தது. "எனக்க வயித்துல இருந்துல்லாட்டி போயிருக்கு."

ஆக அதுதான் உங்கள் "இல்லை". சிரித்துக்கொண்டே செத்த மனுஷர், தாணுவும் சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மாமா, சிரிப்பில் உங்களுக்குச் சமமானவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது தப்பு. உண்மையை மூடி வைத்தால்தான் சிரிக்க முடியும் என்று யார் சொன்னது? நெஞ்செலும்பில் ஊசி ஏறினதுக்கு அப்புறமும் பஞ்ச் டிக்கெட் என்று சிரித்தவர் நீங்கள்தானே? உங்களுக்கு முடிந்தது தாணுவுக்கு முடியாதா?

அம்மையிடம் ஒரே ஒரு பழமொழிதான் சொன்னேன். "நகத்தால கிள்ளுத காரியத்துக்குக் கோடாலி எடுக்கப்பிடாதுன்னு சொல்லுவியளே. இப்போ நகத்துல நிக்குது, அம்மை."

அம்மை எழுந்து முடியை முடிந்தாள். "எலே தாணு, சட்டையப் போடு."

உங்கள் பழைய கூட்டாளி டிரைவர்தான் அன்று வண்டி ஓட்டினார். தாணு ஜன்னலோரத்தில், உங்கள் இடத்தில். வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் காய்ச்சல் குரலில் உங்களைப் போலவே கூவினான். அம்மை அடக்கவில்லை.

அதே டாக்டர். தாணுவின் தொண்டையைப் பார்த்து, இது டைபாய்டு இல்லை, தொண்டைப் புண் என்று பென்சிலின் ஊசி போட்டார். பிறகு விரல்களைத் திருப்பினார். நாக்கு. கழுத்து. பிறகு அம்மையைப் பார்த்து அதே கேள்வி.

"வீட்டில வேற ஆருக்கெங்கிலும் இந்த நகம் உண்டுமா?"

அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உண்டு" என்றாள். "எனக்க மாமாவுக்கு உண்டு, முப்பத்தஞ்சுல போனாரு. அவருக்க மாமாவுக்கு உண்டு, ரத்தமா வாந்தி எடுத்துப் போனாருன்னு சொல்லுவாவ. போன வருஷம் இங்க வந்தது எனக்க அண்ணன். இது எனக்க மகன்." டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மை நிறுத்தி, என் தோளில் கை வைத்தாள். "இவ எனக்க மக. நாளைக்கு இவளுக்கு ஒரு பையன் பொறந்தா, அவனையும் பாக்கணும். அதையும் எழுதிக்கிடுங்க."

நான் அம்மையை அப்படிப் பார்த்ததே இல்லை மாமா. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு அந்த அறையில் ஒரு காரணவி இருந்தாள். அரத்தால் நகம் ராவாதவள்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னதை உங்களுக்கு நான் சொல்கிறேன், உங்களிடம் சொல்ல அவருக்கு நாம் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்துக்கு ஞாற்றடியாம். நம் வயலில் நாற்றுப் பாவுகிற ஞாற்றடி போல. அதில் கொஞ்சம் தாய் அணுக்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிரிந்து சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறையவைக்கும் அணு எல்லாமாக ஆகின்றன. தாங்களும் தீராமல் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் அவை ஒரே மாதிரி நடப்பதில்லை. "சில வீட்டில நூறு வயசு வரை சளைக்காது, பிள்ளே. சில வீட்டில பாதி வழியில களைச்சுப் போவும். பொறக்கும்பமே அப்பிடித்தான் பொறக்குது. நகமும் தோலும் அதே மாதிரிதான், எப்பவும் புதுசு வளரணும். அதனால அங்க முதல்ல தெரியும். உள்ள நடக்கியத நகம் முன்னாடியே சொல்லுது."

"பாவமா சார்?" என்று அம்மை கேட்டாள்.

"பாவமும் இல்ல, சாபமும் இல்ல. நிறத்தப் போல, மூக்கப் போல, அம்மை வழியா ஆண்பிள்ளைகளுக்கு வருது. பெண்ணுக்க உடம்பில ஒளிஞ்சு இருக்கும், அவளுக்கே தெரியாது. தெரியாம கொடுத்ததுக்குக் குற்றம் உண்டுமா?"

திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மை வழியாக, மாமாவிடம் இருந்தது மருமகனுக்கு. உங்கள் மகன் மாதேவனுக்கு நகம் வரவில்லையே என்று அத்தை எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! அவன் தப்பித்தவன். நிலத்தை மக்கள் வழிக்கு மாற்றச் சட்டம் போட்டவர்கள், ரத்தத்திடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். அது இன்னும் பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கிறது, ஒழுங்காக, கேட்பாரில்லாமல். நாமோ அதற்குப் பாயசம் வைத்து வரவேற்றுக்கொண்டு இருந்தோம்.

எனக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறதா? தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. பாதிக்குப் பாதி என்றார். பஸ் ஜன்னலில் என் நகங்களைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன. முன்பு இதற்காக அழுதவள் நான்.

தாணுவின் நெஞ்சிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அவன் ஞாற்றடி கொஞ்சம் மெலிந்திருக்கிறது, வற்றவில்லை. அணுக்கள் சற்றுக் குறைவு, ஆனால் நிற்கின்றன. தீர்க்கும் மருந்து இன்றைக்கு இல்லை என்று டாக்டர் நேராகவே சொன்னார். மாதம் ஒருமுறை ரத்தம் எண்ண வேண்டும். கண்ட மாத்திரை கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும். குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும். "அப்போ என் ரத்தம் எடுங்க" என்றேன். ரத்த வகை பார்த்தார்கள், சேர்கிறது. பதினெட்டு ஆகட்டும் என்றார். பதினாறரை ஆகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வயது சீக்கிரம் ஏற வேண்டும்.

அடுத்த வாரம் ராஜ்யம் மாறுகிறதே, அந்த ஆஸ்பத்திரி வேறு ராஜ்யம் ஆகிவிடுமே என்று அப்பா மெல்லக் கேட்டார். அம்மை ஒரே போடாகப் போட்டாள்: "ராஜ்யம் மாறினா பஸ்ஸு மாறுமா? களியக்காவிளையத் தாண்டிப் போவோம்." இப்போது அப்பாவும் கூட வருகிறார். விருந்தாளி ஒருவழியாக வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

தாணுவுக்கு எல்லாம் தெரியும். ஒளிக்காமல் சொல்லிவிட்டோம். முதல் நாள் பாயை விட்டு எழும்பவில்லை. இரண்டாம் நாள் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கேட்டான்: "அப்போ எனக்குப் பாயசம் கிடையாதா?" நீங்கள் பயந்தது நடக்கவில்லை மாமா. அவன் செத்துச் செத்து இருக்கவில்லை. மருதாணி இல்லாத கையை வீசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

பாயசம் உண்டு. அம்மை முடிவு செய்துவிட்டாள். நகம் பிளந்ததற்கு இனி இந்த வீட்டில் யாருக்கும் பாயசம் கிடையாது. மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, அணுக்கள் குறையவில்லை என்று டாக்டர் சொன்னால், அன்று சிறுபயறு பாயசம். மூன்று தடவை போய் வந்தோம். மூன்று பாயசம் குடித்தாயிற்று.

ஒட்டுக்கேட்டவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. அம்மையின் வீட்டுக் கிளைகள் இரணியலிலும் அஞ்சுகிராமத்திலும் இருக்கின்றன. யார் வீட்டிலாவது ஒரு பையனுக்குக் காரணவன் நகம் வந்திருந்தால், பாயசத்துக்குச் சிறுபயறு வறுக்கும் முன் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எந்த பஸ், எந்த டாக்டர் என்று அம்மை சொல்லுவாள். அதற்குத்தான் அவள் இந்தக் கடிதத்துக்குச் சம்மதித்தாள்.

இனி உங்களுக்கு, மாமா. நம் வீட்டில் அந்த நகத்தோடு நாற்பதைத் தாண்டியவர் யாருமில்லை. தாணு தாண்டுவானா? எனக்குத் தெரியாது. தெரியாததில் சத்தியம் செய்ய மாட்டேன். உங்களிடம் பொய்ச் சத்தியம் செய்து மாட்டிக்கொண்ட அனுபவம் நிறைய. என்னால் முடிந்ததில் செய்கிறேன். அவன் ரத்தத்தை எண்ணாமல் ஒரு மாதமும் கழியாது. பதினெட்டு ஆன அன்றே என் கை அந்த ஆஸ்பத்திரியில் நீளும். எனக்கு ஒரு மகன் பிறந்தால், முகத்தைப் பார்க்கும் முன் விரலைப் பார்ப்பேன்; வருஷா வருஷம் பார்ப்பேன்; சிரித்துக்கொண்டே பார்ப்பேன், ஆனால் பார்ப்பேன். யார் எங்கே அந்தக் கேள்வியைக் கேட்டாலும், உங்கள் கை என் கையை எவ்வளவு இறுக்கினாலும், "உண்டு" என்றுதான் சொல்வேன்.

விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குத் தாணுவோடு நாலாவது பயணம். வண்டி கிளம்பும்போது நான்தான் ஊதப்போகிறேன். உங்களுக்குக் கேட்கும்.

அன்பும் அடங்காமையும் குறையாத,
உங்கள் தங்கை மகள், உங்கள் மருமகள்,
டபுள் டிக்கெட் பகவதி
தாழக்குடி